பழைய பீட்டிலைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால்

அப்பா ஓட்டிய 1965-ஆம் வருட ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருபது வருடமாக ஷெட்டில் நிற்கிறது, நல்ல பட்டறையாகப் பார்த்துக் கொடுத்து முழுசாக ரெஸ்டோர் செய்ய ஆசை, எப்படிப்பட்ட ஆளைத் தேடுவது, எவ்வளவு நாளாகும், எங்கே ஏமாறக்கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "அம்மாவுக்கு 76 ஆகிறது. அப்பா வண்டியில இன்னொரு தடவை உட்கார்ந்து போகணும்னு சொல்றாங்க."

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பழைய வண்டிகளோடு பழக்கம். என் சொந்த வண்டிகள் மூன்றைப் பட்டறைகளில் கொடுத்து மீட்டெடுத்திருக்கிறேன். நண்பர்கள் கொடுக்கும்போது கூடப் போய்ப் பார்ப்பதும் உண்டு. இத்தனை வருடத்தில் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்று: பழைய காரில் நாம் பணம் கொடுப்பது, மூடி மறைக்கப்படப்போகிற வேலைக்குத்தான். பளபளப்பு கடைசி சில வாரங்களில் வந்துவிடும். அதற்கு அடியில் என்ன நடந்தது என்பது மூடுவதற்கு முன் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப் பார்ப்பதுதான் வண்டியின் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை.

சரி, முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். ரெஸ்டோரேஷன் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகளைச் சொல்கிறோம். நின்றுபோன வண்டியைப் பத்திரமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. பழைய பெயிண்ட், பழைய சீட், அப்பாவின் கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, துரு மட்டும் மேலே பரவாமல் நிறுத்துவது இன்னொன்று. பாடியை அடித்தளமான சேசிஸிலிருந்து தூக்கி, நட்டு நட்டாகக் கழற்றி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் போல ஆக்குவது மூன்றாவது. பழைய வண்டிக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. காப்பதையும் மீட்டெடுப்பதையும் அது தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. முடிந்தவரை குறைவாகக் கைவையுங்கள், கைவைத்ததை எழுதி வையுங்கள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது முழுக்கச் சம்மதம். உரித்துப் போட்ட ஒரிஜினல் பெயிண்டை எந்தப் பட்டறையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்பாவின் விரல் பட்டு வழவழப்பான கியர் நாப்பும் அப்படித்தான்.

பட்டறைக்காரர்கள் பலருக்கும் மூன்றாவது வழியில்தான் மனம் போகும். வேலையும் அதிகம், படம் எடுத்தாலும் அழகாக இருக்கும். உங்கள் வண்டிக்கு அது தேவையா என்று பார்த்த பிறகுதான் சரி சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: ஆர்வத்தில் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்த்துவிடாதீர்கள். இருபது வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது. பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, புல்லியைப் பிடித்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும், அதை கார்புரேட்டருக்குள் இழுக்க விடக்கூடாது. எலி வயரிங்கைக் கடித்திருந்தால் பேட்டரி மாட்டிய நிமிஷமே புகை வரும். இதையெல்லாம் பட்டறை பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது படம் எடுப்பது. ஐம்பது படம் போதாது, ஐந்நூறு எடுங்கள். கதவு ஓரத்து ரப்பர் எப்படி மடிந்திருக்கிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்த வயர் எங்கே போகிறது, எந்த ஸ்க்ரூவின் தலை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றும். ஒன்றரை வருடம் கழித்துப் பூட்டும்போது, இந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வண்டியைக் கழற்றிய பையன் அதற்குள் வேறு பட்டறைக்குப் போயிருப்பான்.

எண்களையும் குறித்து வையுங்கள். பீட்டிலில் சேசிஸ் எண் பின்சீட்டைத் தூக்கினால் தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேட்டின் மேல் பொறித்திருக்கும். முன் பானெட்டுக்குள் ஸ்பேர் வீலுக்குப் பின்னால் உள்ள தகட்டிலும் இருக்கும். இன்ஜின் எண் டைனமோ உட்காரும் தாங்கிக்குக் கீழே. உங்கள் சேசிஸ் எண் ஒன்பது இலக்கம், 115 என்று தொடங்குகிறதா, 116 என்றா என்று பாருங்கள். ஃபோக்ஸ்வேகனுக்கு மாடல் வருடம் ஆகஸ்டில் மாறும். 1965 ஆகஸ்டிலிருந்து வந்த வண்டி ஆவணத்தில் 1965 என்று இருந்தாலும் 1966 மாடல். இது வெறும் தகவல் இல்லை. 1965 மாடல் வரை முன்சக்கரம் கிங்பின் என்ற செங்குத்து ஊசியில் திரும்பும், 1966 மாடலிலிருந்து பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டில். இதைக் கவனிக்காமல் உதிரிபாகம் வரவழைத்தால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான். ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்புர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வேகன் அருங்காட்சியக அறக்கட்டளை, சேசிஸ் எண்ணை வைத்து வண்டி எந்த நாளில் தயாரானது, என்ன நிறத்தில் வெளியே வந்தது என்று சான்றிதழ் தருகிறது. எந்த நிறத்துக்குத் திரும்புவது என்ற கேள்விக்கு அதைவிட நம்பகமான பதில் கிடையாது.

இனி துரு. பீட்டிலில் எங்கே பார்க்க வேண்டும் என்று கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொல்லலாம். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், வலது பக்கம் இருக்கும். பல வருடம் ஆசிட் சிந்திச் சிந்தி அதன் கீழே இருக்கும் தரைத்தகடு அரித்துப்போயிருக்கும். பேட்டரியைத் தூக்கினால் கீழே தரை தெரிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது கதவுக்குக் கீழே ஓடுகிற ஹீட்டர் சேனல். இன்ஜினின் சூட்டுக் காற்றை முன்னால் கொண்டுவரும் குழாய் அது. அதே சமயம் பாடியின் இரண்டு பக்கத்தையும் தாங்குகிற முதுகெலும்பும் அதுதான். அப்புறம் ஜாக்கி போடும் இடம், ஸ்பேர் வீல் உட்காரும் குழி, பின் பம்பர் மாட்டும் மூலைகள், சேசிஸின் முன்தலை. ஒரு ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே செல்லரித்ததும், பட்டி (பள்ளம் நிரவப் பூசும் பசை) அடைத்ததும் மொத்தென்று கேட்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயிண்டின் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100-லிருந்து 200 மைக்ரானுக்குள் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

என் முதல் வண்டியில் நான் பட்டது இதில்தான். பட்டறையின் பெயர் வேண்டாம். எட்டு மாதம் வைத்திருந்து கொடுத்தார்கள், முகம் பார்த்துத் தலை வாரலாம் போலப் பளபளப்பு. நடுவில் இரண்டு முறைதான் போய்ப் பார்த்தேன், இரண்டு முறையும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகு. ஒன்றரை வருடம் கழித்து, ஒரு நாள் துடைக்கும்போது டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே கடுகு கடுகாக நாலைந்து கொப்புளங்கள் விரலில் தட்டின. நகத்தால் கீறினேன். பெயிண்ட் தோலாக உரிந்தது, அடியில் ஈரமான ரோஸ் நிறப் பட்டி, அதன் அடியில் செம்மண் மாதிரி துருத் தூள். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள் காகிதத்தை உருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த இடம் சீட் தாங்கும் இடம். அந்த ஒன்றரை வருடமும் என் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில்தான் போய்வந்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே தகட்டு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீட்டிலின் பாடி, தரைத்தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கியது. கழற்றித் தனியாகத் தூக்கலாம். முழு வேலை என்றால் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஹீட்டர் சேனல் அரித்துப்போன பாடியை அப்படியே தூக்கினால், தாங்க எதுவும் இல்லாமல் அது வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஐந்து மில்லிமீட்டர் வளைந்தாலே கதவு சேராது. கதவுச் சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துப் பாடியை இறுக்கிக்கொண்டுதான் பழைய சேனலை வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். புதுச் சேனலை முதலில் கிளாம்பில் பிடித்து, பாடியைச் சேசிஸ் மேல் இறக்கி, போல்ட் ஓட்டைகள் நேராக விழுகிறதா என்று பார்த்து, கதவை மாட்டி மூடித் திறந்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா என்று சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் முழுசாக வெல்டிங். கதவை மாட்டாமல் சேனலை வெல்டிங் வைக்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கோணிப்போன பாடியில் கதவைச் சேர்க்க, கதவு ஓரத்தை அடித்து வளைப்பார்கள் அல்லது பட்டியால் நிரப்புவார்கள். ஒரு தப்பை மூட இன்னொரு தப்பு.

பழைய பெயிண்டையும் துருவையும் எடுப்பதிலும் கவனம் வேண்டும். மணலை வேகமாக அடித்துச் சுரண்டுவது சேசிஸ், சக்கரம், சஸ்பென்ஷன் போன்ற கனமான பாகங்களுக்குச் சரி. பானெட், கூரை, கதவு மாதிரி மெல்லிய தகட்டில் அதே வேகத்தில் அடித்தால் தகடு விரிந்து அலை அலையாகிவிடும், அதை நேராக்குவது பெரும்பாடு. அங்கே சோடா மாதிரி மென்மையான தூளோ, பெயிண்ட் கரைப்பானோ, பொறுமையான கைவேலையோதான் நல்லது. மொத்தப் பாடியையும் ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பதும் உண்டு, உள் இடுக்குகள் வரை சுத்தமாகும். ஆனால் இரண்டு தகடு சேரும் மடிப்புகளில் ஆசிட் தங்கிவிட்டால், ஒரு வருடம் கழித்து அந்த மடிப்பு வழியாகவே துரு வடியும். நன்றாகக் கழுவி, ஆசிடின் வீரியத்தை முறித்து, உலர்த்துகிற வசதி உள்ளவர்களிடம்தான் அதைக் கொடுக்கலாம்.

வெறும் தகடாக நிற்கிற அந்த நாளில் நீங்கள் பட்டறையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "பெயிண்டெல்லாம் உரித்து முடித்ததும் கூப்பிடுங்கள், நான் வந்து பார்த்த பிறகு பிரைமர் அடியுங்கள்." அதிக நாள் காத்திருக்கவும் முடியாது. ஈரக் காற்றில் வெறும் தகடு ஒரே இரவில் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதனால் கூப்பிட்டதும் போய்விடுங்கள். அன்றைக்குத் தெரிவதுதான் உங்கள் வண்டியின் உண்மை நிலை. அறுபது வருடத்தில் யார் எங்கே இடித்தார்கள், எங்கே ஒட்டுப் போட்டார்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு இன்னொரு முறை, எபாக்ஸி பிரைமருக்குப் பிறகு ஒரு முறை, பட்டி தேய்த்த பிறகு ஒரு முறை. இந்த நாலு தடவை போனால் போதும். வாரா வாரம் போய் நின்று வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை.

பட்டி வைப்பதே தப்பு என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. நேராக்கிய தகட்டில் மிச்சம் இருக்கும் சின்ன மேடுபள்ளத்தை நிரவ இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் வைக்கும் பட்டி நியாயமானதே. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் எபாக்ஸி பிரைமருக்கு மேலே வைப்பது நல்லது என்பது என் எண்ணம். தப்பு என்பது தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருப்பது.

இப்போது உங்கள் முதல் கேள்வி, பட்டறையை எப்படித் தேடுவது. முடித்து வைத்திருக்கும் வண்டியைக் காட்டுவார்கள், அதைப் பாராட்டிவிட்டு, பாதி வேலையில் இருக்கும் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பெயர் எழுதிய பைகளிலும் பெட்டிகளிலும், வண்டிக்கு வண்டி தனி அலமாரியில் இருந்தால் பாதி பயம் தீர்ந்தது. ஒரே டப்பாவில் நாலு வண்டி போல்ட் கலந்து கிடந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். மூன்று, நான்கு வருடத்துக்கு முன் முடித்துக் கொடுத்த வண்டி ஒன்றின் சொந்தக்காரரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். போன மாதம் முடித்த வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும், மூன்று வருடம் தாங்கிய வண்டிதான் சாட்சி. பீட்டிலில் பழகிய கை வேண்டும். நீரால் குளிரும் இன்ஜினில் முப்பது வருட அனுபவம் இருந்தாலும், காற்றால் குளிரும் இந்த இன்ஜினைத் தொட்டிராதவர் உங்கள் வண்டியில் கற்றுக்கொள்ள ஆரம்பிப்பார்.

எந்த வேலை அங்கேயே நடக்கும், எது வெளியே போகும் என்றும் கேளுங்கள். குரோம், குஷன், லேத் வேலை வெளியே போவது வழக்கம்தான். வெளியே போனதற்கும் யார் பொறுப்பு என்பது தெளிவாக வேண்டும்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அந்தத் தொகை போதாமல் போகும்போது ஒன்று உங்களிடம் வந்து நிற்பார், அல்லது வேலையைக் குறைப்பார். காகிதம் திணித்த பட்டி இப்படித்தான் பிறக்கிறது. நேர்மையான வழி, முதலில் கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கட்டணம், பார்த்த பிறகு பகுதி பகுதியாக மதிப்பீடு, அதன்பின் வேலை நேரத்துக்கும் சாமானுக்கும் மாதாமாதம் கணக்கு, படங்களோடு. சொன்னதைவிடக் கூடுதலாகும் எந்த வேலையும் உங்கள் சம்மதம் எழுத்தில் வந்த பிறகே தொடங்க வேண்டும். முழு ரெஸ்டோரேஷனில் வேலை நேரம் ஆயிரம் மணியைத் தாண்டுவது சாதாரணம், அதனால் மணிக்கணக்கு விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்கு, முடிந்த அளவுக்கு. நீங்கள் பணம் கொடுத்து வரவழைத்த உதிரிபாகங்கள் உங்களுடையவை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். பட்டறை நடுவில் மூடப்பட்டால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். பட்டறையில் இருக்கும்போது தீ, திருட்டு நடந்தால் வண்டிக்கு யார் காப்பீடு என்பதையும் விட்டுவிடாதீர்கள். பழைய வண்டிக்குச் சந்தை விலையில் காப்பீடு செய்வதைவிட, மதிப்பை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதும் காப்பீடு கிடைத்தால் அதை எடுங்கள்.

மெக்கானிக் வேலை, தகட்டு வேலையோடு ஒப்பிட்டால் பீட்டிலில் சுலபம். 2003 ஜூலை வரை மெக்சிகோவில் தயாரான வண்டி, உலகம் முழுக்க மொத்தம் 2 கோடியே 15 லட்சம். அதனால் உதிரிபாகத்துக்குக் குறைவில்லை. இன்ஜின் நிலையை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் உள்ளே வேலை இருக்கிறது. அனுமதிக்கும் ஆட்டம் 0.07-லிருந்து 0.13 மில்லிமீட்டர்தான், 0.15-ஐ எட்டினால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். சிலிண்டர்கள் தனித்தனியாகக் கழல்வதால், தேய்ந்திருந்தால் குடைந்து பெரிதாக்குவதற்குப் பதில் பிஸ்டனோடு புது செட்டாகவே மாற்றிவிடலாம். ஈயமில்லாத பெட்ரோல், வால்வு உட்காரும் சீட்டைத் தேய்த்துவிடும் என்று நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். அந்தப் பிரச்சினை வால்வு சீட்டை வார்ப்பிரும்புத் தலையிலேயே குடைந்த இன்ஜின்களுக்கு. பீட்டிலின் அலுமினியத் தலையில் எஃகு சீட் தனியாகப் பதித்திருப்பதால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கவனிக்க வேண்டியது, அது பழைய ரப்பர் குழாயைத் தின்றுவிடும். டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் நீளமான குழாய். இன்ஜின் அருகே ஒரு சொட்டு கசிந்தாலும் சூடான பாகத்தின் மேல் விழும். பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு இது பேர்போன காரணம். எத்தனாலைத் தாங்கும் குழாய், நல்ல கிளிப், இரண்டு பக்கமும் சோதனை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பிரேக்கும் அப்படித்தான். 1965 பீட்டிலில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்று. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நாலும் போய்விடும். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், குழாய்கள் அத்தனையும் மாற்றியே ஆக வேண்டும். ஒரிஜினலை மாற்றுவதில் எனக்கு விருப்பம் கிடையாது, ஆனால் பின்னால் வந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை இதில் பொருத்துவதை மட்டும் மனதார ஆதரிக்கிறேன். டயரில் பட்டன் இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள், இருபது வருட ரப்பர் கல்லாகியிருக்கும்.

வயரிங்கில் ஒரு வார்த்தை. உங்கள் வண்டி பெரும்பாலும் 6 வோல்ட்டாக இருக்கும். 12-க்கு மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விளக்கு மங்கலாக எரிவதற்குக் காரணம் பல சமயம் துருப்பிடித்த எர்த் இணைப்பும் மெல்லிய வயரும்தான். அதே வெளிச்சத்துக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், அதற்கேற்ற கனமான வயர் வேண்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் ஒரிஜினலாகவே நன்றாக ஓடும்.

பெயிண்ட் வரும்போது, ஒரிஜினல் நிறம் வேண்டும் என்றால் கோடு எண்ணைப் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் நிறங்கள் எல் என்ற எழுத்தில் தொடங்கும், கறுப்பு என்றால் எல்41. வெயில் படாத இடத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால், நிறம் மங்காமல் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து நிறங்களுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு கிடையாது. இப்போதைய முறையில் கிளியர் அடித்தால் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு ஆழமான மினுக்கம் வரும். பலருக்கு அது பிடிக்கும். எனக்கு அது அந்த வண்டியின் முகம் இல்லை. நிறத்திலேயே பளபளப்பு இருக்கும் ஒற்றைப் பூச்சு கேளுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு ஹீட்டர் சேனல், கதவின் உள்பக்கம் போன்ற பொந்துகளுக்குள் மெழுகு பீய்ச்ச மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் விட்டுப்போவது அதுதான்.

குரோமும் குஷனும் சீக்கிரம் முடியும் வேலைகள், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். குரோம் என்று நாம் பார்ப்பது ஒரு மைக்ரானைக்கூட எட்டாத மேல்பூச்சு, பளபளப்பையும் காவலையும் தருவது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். பம்பரை அனுப்பும்போது பழைய ஒரிஜினல் தகட்டையே அனுப்புங்கள், புதிதாக விற்கும் நகல்கள் கனம் குறைவு.

எவ்வளவு நாள்? பாடியைத் தூக்கிச் செய்யும் முழு வேலைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

இங்கேதான் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அம்மாவுக்கு 76. இரண்டு வருடம் அவர்களைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் தகட்டைத் தட்டிப் பார்த்து, ஹீட்டர் சேனலும் தரையும் தாங்கும் நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தாங்கும் என்றால் பிரேக், பெட்ரோல் குழாய், டேங்க், கார்புரேட்டர், டயர், வயரிங் சோதனை, இவ்வளவு மட்டும் இப்போது. சில மாதங்களில் முடியும். இதில் மாற்றும் எதுவும் வீணாகாது, பின்னால் முழு வேலை செய்யும்போது அப்படியே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். சேனல் போய்விட்டது என்றால் மட்டும் இந்தக் குறுக்கு வழி வேண்டாம், ஓட்டவே கூடாது. தகட்டு வேலையை முதலில் முடித்து, பிரைமர் நிறத்திலேயே கூட அம்மாவை ஒரு சுற்று அழைத்துப் போகலாம். அவர்கள் கேட்டது பெயிண்டை இல்லை.

முன்சீட்டில், அவர்கள் பக்கத்து உறையை மட்டும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பட்டறைக்குப் போகும் முன்பே அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி தயாரானதும் மாட்டிக்கொள்ளலாம். கழற்றிப் போடும் பழைய பாகங்கள் எல்லாவற்றையும், உடைந்ததாக இருந்தாலும், ஒரு பெட்டியில் போட்டு உங்களிடம் தர வேண்டும் என்று பட்டறையில் முதல் நாளே சொல்லி வையுங்கள். என்ன மாற்றினார்கள், எதை மாற்றாமல் கணக்கில் எழுதினார்கள் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹீட்டர் சேனலைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள், அடுத்தது என்ன என்று அதற்கப்புறம் பேசலாம்.